ஆயிரம் இழைகளில் முப்பத்தொன்று

வியாழக்கிழமை

மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதுவது. நானும் உன் வீட்டுக்காரனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் எதையும் இழுத்துவிட்டுக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். காதை மூடிக் கட்டிக்கொள். சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீ அனுப்பிய இருபது மூட்டையும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. லாரி ஓட்டுகிற மீசைக்காரர் இறங்கியதும் முதலில் என்னைத் தேடி வந்து உன் பொட்டலத்தையும் கடிதத்தையும் கொடுத்தார். மில்லுக்குக் கம்பளி வாங்கத் தபால் போகாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய், இனி அவர்தான் நமக்குத் தபால்காரர். அங்கே மேட்டில் பெயருக்குக்கூட ஒரு மரம் கிடையாதாம், காற்று காதை அறுக்குமாம். ஆடு மேய்க்கிற முப்பத்தெட்டுக் குடும்பமும் உன்னை எங்க பொண்ணு, எங்க பொண்ணு என்கிறார்களாம். இங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசியவள் நீ. எப்படித்தான் மாறினாயோ.

சரக்கைப் பற்றி எழுதுகிறேன். முதல் மூட்டையை என் மேசையில்தான் பிரித்தார்கள். இருபத்து நான்கு வருஷமாக அந்த மேசையில் காஷ்மீர் கம்பளி தரம் பிரிக்கிறேன், வாயைத் திறந்து ஒரு சரக்கையும் புகழ்ந்தது கிடையாது. கையை உள்ளே விட்டேன். கைக்கு எதுவுமே தட்டுப்படவில்லை, வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. மேசையில் இருக்கிற மூன்று பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை என்றேன். மூவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள், நான் பரவாயில்லை என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

யாரும் கத்தரிக்கோல் வைக்கவில்லை, சீப்பால் வாரித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கத்தரித்தால் வெளியே இருக்கிற முரட்டு முடி மூட்டை மூட்டையாகக் கூட வரும், உள்ளே இருக்கிற மெல்லியது துண்டுபட்டுப் போகும். குளிர் விட்டு ஆடு தானாக உதிர்க்க ஆரம்பிக்கிற அந்தச் சில வாரத்துக்குள் வாரிவிட வேண்டும், ஒரு வாரம் முந்தினால் ஆட்டுக்கு வலிக்கும், ஒரு வாரம் பிந்தினால் மேட்டில் இருக்கிற முள்செடியெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும் என்று எழுதியிருந்தாயே, அதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். மூவரில் அந்த வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

நம் தெருத் தையல்காரருக்குக் கோட்டு தைக்க ஒரு காஷ்மீர் துணி வந்திருக்கிறது. இது எந்த ஊர்ச் செம்மறிம்மா என்று என்னிடம் கேட்டார். வந்ததே எனக்குக் கோபம். செம்மறியே இல்லை, வெள்ளாடு என்றேன். குளிரும் காற்றும் பிடித்த உயர்ந்த மேட்டு நிலத்து வெள்ளாடு. பகல் குறையக் குறைய அதன் முரட்டு முடிக்கு அடியில் பஞ்சு போல ஒரு உள்முடி வளரும், வெயில் திரும்பினால் உதிரும். வருஷத்துக்கு ஒரு தடவைதான். சுத்தம் செய்து பார்த்தால் ஒரு ஆட்டுக்கு இரண்டு கை அள்ளுவதற்குக்கூடத் தேறாது, ஒரு ஆள் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டருக்கு நாலு ஆடு வேண்டும். பெயரைப் பார்த்து எல்லாம் காஷ்மீரிலிருந்தே வருகிறது என்று நினைக்காதீர்கள், அங்கே நெய்த சால்வையை வைத்து உலகம் அந்தப் பெயரை வைத்துவிட்டது, ஆடு எத்தனையோ நாட்டு மேடுகளில் மேய்கிறது என்றேன். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் மருமகள் அங்கேதான் இருக்கிறாள் என்றேன். வாய் தவறி வந்துவிட்டது, பெருமைக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே.

உள்ளதைச் சொன்னால், இத்தனை வருஷத்தில் அந்த ஆட்டின் முகத்தை நான் பார்த்ததில்லை. நீ அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தேன். தாடியும் முறைப்புமாக நம் மில் முதலாளியை உரித்து வைத்திருக்கிறது.

நீ பின்னி அனுப்பிய மணிக்கட்டு உறைகளும் கிடைத்தன. தரம் பிரிக்கிற அறையில் முடி பறக்காமல் இருக்க நாள் முழுக்க ஈரக்காற்று விடுவார்கள், அதில் எனக்கு மணிக்கட்டு வலிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறாய், சரி. ஆனால் மேசைக்கு யாரும் கம்பளித் துணி போட்டு வரக் கூடாது, ஒரு நூல் உதிர்ந்தாலும் சரக்கு கெடும் என்பது நான் வைத்த சட்டம். மீறியவர்களை ஒரு மாதம் முற்றத்துக்கு மூட்டை அவிழ்க்க அனுப்பிவிடுவேன். அதனால் உன் உறைகளை டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு எதற்கு அதெல்லாம்.

நீ புறப்பட்ட அன்று நான் பேசியதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயா என்று உன் வீட்டுக்காரன் கேட்டு எழுதச் சொன்னான். அவன்தான் கேட்கிறான், நான் இல்லை.

இப்படிக்கு,
உன் மாமியார்


திங்கட்கிழமை

மருமகளுக்கு,

நாளைக் காலை காலிச் சாக்கு ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி மேலே வருகிறது. அதில் இந்தக் கடிதமும் வரும், முதலாளி கடிதமும் வரும். அவருடையதை முதலில் பிரித்திருந்தால் உனக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

உன் சரக்கில் செம்மறி முடி கலந்திருக்கிறது என்று பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. பரிசோதனை அறையில் இருக்கிற கண்ணாடி போட்ட பெண் என் மேசைத் தட்டிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துப் போனாள். ஆயிரம் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணினாளாம். முப்பத்தொன்று செம்மறி.

நான் சும்மா விடவில்லை. எனக்கும் காட்டு என்று போய் அந்த மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். இழை ஒவ்வொன்றிலும் மீனுக்கு இருப்பதுபோலச் செதில் இருக்கிறது. நம் வெள்ளாட்டு இழையில் செதில் மெல்லிசாக, தள்ளித் தள்ளிப் படிந்திருக்கிறது. செம்மறியில் தடிப்பாக, நெருக்கமாக, துருத்திக்கொண்டு நிற்கிறது. படிக்காத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அவள் எண்ணியதில் தப்பில்லை.

முதலாளி குதிக்கிறார். எடை போடும் பகுதியில் இருந்த பெண்ணைக் கொள்முதலுக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும், மேட்டுக்காரர்கள் அவளை ஏமாற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் அவளே கூட்டுச் சேர்ந்திருப்பாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இனி ஒரு கிள்ளுகூட வாங்கக் கூடாது, உடனே திரும்பி வா என்று உனக்கு எழுதியிருக்கிறார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். இத்தனை வருஷத்தில் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை என்றேன். சரி, ஒரு வாரம், அதுவரைக்கும் அவள் கீழே இறங்க வேண்டாம், ஆனால் வாங்கவும் வேண்டாம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார். அதற்கு மேல் அசையவில்லை.

பதினாறு குடும்பத்து ஆடுகளை இன்னும் வாரவில்லை என்று எழுதியிருந்தாய். நீ வாங்காமல் நின்றால் அவர்கள் யாராவது ஒரு வியாபாரியிடம் கையேந்த வேண்டியதுதான். உன் பெயரும் போகும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனாலும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர்களிடம் செம்மறியும் உண்டு என்று நீயே எழுதியிருக்கிறாய். யாராவது கலந்தார்களா? உனக்குத் தெரிந்து ஏதாவது நடந்ததா? எதுவானாலும் ஒளிக்காமல் எழுது. என் கையைத் தாண்டிக் கலப்படம் போனது கிடையாது. இந்தத் தடவை எப்படிப் போயிற்று என்று நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமியார்


ஞாயிற்றுக்கிழமை

என் மருமகளுக்கு,

முதல் வேலையாக, இதற்கு முன் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போடு. படிக்கும்போது அழுதிருப்பாய். அழ வைத்தவள் நான்தான், அதற்கான பதிலையும் நானே எழுதுகிறேன்.

உன் சரக்கில் ஒரு இழைகூடச் செம்மறி கிடையாது. சுத்தமான சரக்கு. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை அனுப்பிய மறுநாள் எனக்கு ஒன்று தோன்றியது. இருபது மூட்டையில் ஆறுதான் பிரித்திருக்கிறோம், மீதி தைத்தது தைத்தபடி கிடங்கில் இருக்கின்றன. நேரே கண்ணாடிப் பெண்ணிடம் போனேன். என் மேசைத் தட்டிலிருந்து எடுத்ததைத்தானே எண்ணினாய், மூட்டையிலிருந்து எடுத்து எண்ணு என்றேன். முதலாளி சொல்லாமல் செய்ய முடியாது என்று இழுத்தாள். நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மூன்று மூட்டையின் தையலை அவள் கண் முன்னால் பிரித்து, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் அவள் கையாலேயே எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் எண்ணினாள். மூவாயிரம் இழை. செம்மறி ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் மூட்டைக்குள் வரும்போது சுத்தம், என் தட்டுக்கு வந்த பிறகு கலப்படம். நடுவில் இருப்பது என் மேசை ஒன்றுதான்.

இது முதலாளி காதுக்குப் போனதும் என் மேசைப் பெண்கள் மூவரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். எவளோ கம்பளி போட்டு வந்திருக்கிறாள், யார் என்று சொல்லாவிட்டால் மூவருக்கும் வேலை கிடையாது என்றார். வாயாடிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் யாரும் போட்டு வரவில்லை, எனக்குத் தெரியும் என்று நான் அவர்களைத் தேற்றினேன். பாரேன், அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அன்று வேலை முடிந்து குழாயடியில் கை கழுவப் போனேன். மேல்சட்டையின் கையை மடித்துவிட்டு, உள்ளே இருந்ததைக் கழற்றினேன். உன் மணிக்கட்டு உறையைத்தான். ஆமாம், டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று உனக்கு எழுதியது பொய். மீசைக்காரர் பொட்டலத்தைக் கொடுத்த அன்றே, முதல் மூட்டையைப் பிரிக்கும் முன்னாலேயே போட்டுக்கொண்டேன். மேல்சட்டைக் கையை இழுத்துப் பொத்தான் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த ஈரக்காற்றில் என் மணிக்கட்டு வலிக்காத வாரம் அது ஒன்றுதான். கழற்றவே மனசு வரவில்லை.

கழற்றிப் பார்த்தால் உறையின் ஓரமெல்லாம் உன் வெள்ளாட்டு முடி பூத்தாற்போல ஒட்டியிருக்கிறது. தட்டிவிடப் போனேன், கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வெள்ளாட்டு முடி இதில் ஒட்டியிருக்கிறதென்றால், உறையின் செம்மறி முடி அதில் ஒட்டாமலா இருந்திருக்கும்? நாள் முழுக்க என் இரண்டு கையும் அந்தத் தட்டின் மேல்தானே உரசிக்கொண்டிருந்தன. கண்ணாடிப் பெண் கிள்ளி எடுத்ததும் தட்டின் மேல்பகுதியிலிருந்துதான். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நினைத்தேன். மூட்டையில் எடுத்ததே சுத்தம் என்று வந்துவிட்டது, உன் பெயர் எப்படியும் தப்பித்துவிடும், எதற்கு என் பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று மனசு சொன்னது. ஆனால் அந்த மூன்று பெண்கள்? அதோடு, எங்கே கலந்தது என்று தெரியாதவரைக்கும் முதலாளி உன்னை அரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வீட்டுக்கு வந்து உன் வீட்டுக்காரனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. நீ உறை போட்டிருக்கிறது எனக்கு முதல் நாளே தெரியும்மா, அவள் பின்னியதுதானே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன் என்கிறான். பேருந்து எஞ்சினில் எங்கே எண்ணெய் கசிகிறது என்று கண்டுபிடிக்கிற மெக்கானிக்குக்கு இதைச் சொல்ல வாய் இல்லை பார்.

மறுநாள் காலையில் எல்லாரும் வருகைப் பதிவுக்கு நிற்கும்போது முதலாளி முன்னால் போய் நின்றேன். மேல்சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, உறை போட்ட கையை நீட்டிக் காட்டினேன். கம்பளி போட்டு வந்தவள் நான்தான் என்றேன். என் சட்டத்தை வைத்து எத்தனை பேரை முற்றத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெண் உறையிலிருந்து ஒரு நூலைப் பிரித்து எடுத்துப் போய், முதலில் கண்ட அந்த முப்பத்தொன்றோடு வைத்துப் பார்த்தாள். அதே தடிமன், அதே செதில். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

அப்போது முதலாளி ஒன்று கேட்டார். அவ்வளவு நல்ல காஷ்மீர் மூட்டை மூட்டையாக அவள் கையில் இருக்கும்போது மாமியாருக்கு எதற்குச் செம்மறியில் பின்னி அனுப்பினாள் என்றார். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. அந்த இடத்தை எடுத்து எல்லாரும் கேட்கப் படித்தேன். "அத்தை, இதை வெள்ளாட்டு முடியில் பின்னத்தான் ஆசை. ஆனால் ஒவ்வொரு பிடியும் ஒரு குடும்பத்தின் பெயரில் எடை போட்டது, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. நான் தங்கியிருக்கிற வீட்டு அம்மாவிடம் கேட்டு அவர்கள் செம்மறி நூலை வாங்கிப் பின்னினேன்" என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். நீ ஒரு பிடி காஷ்மீரைக் கிள்ளி எனக்குப் பின்னியிருந்தால் இந்த முப்பத்தொன்று வந்திருக்கவே வந்திருக்காது. நீ நேர்மையாக இருந்ததால்தான் உன் மேல் பழி வந்தது. படித்து முடித்ததும் முதலாளி தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார், உன் போட்டோ ஆடு நேரில் நிற்பது போலவே இருந்தது.

அப்புறம் நான் ஒன்று சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகத்தான் சொன்னேன். நீ பெட்டியோடு புறப்பட்ட அன்று, வாசலில் சொந்தபந்தம் எல்லாம் நிற்கும்போது, புருஷனை விட்டுவிட்டு ஆட்டுப் பின்னால் போகிறவள் என்று சொன்னேனே, அது மில்லில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் வாயை மூடாமல் பரப்பி வைத்திருந்தேன். அதனால் அவர்கள் முன்னாலேயே சொன்னேன். ஆமாம், ஆட்டுப் பின்னால் போனவள்தான், அவள் என் மருமகள் என்றேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

உன் சரக்கு எவ்வளவு மெல்லிசு என்றும் அளந்துவிட்டார்கள். காஷ்மீர் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் சராசரி பத்தொன்பது மைக்ரானைத் தாண்டக் கூடாது, உனக்குத் தெரியும். மனுஷத் தலைமுடி எழுபது இருக்குமாம். உன்னுடையது பதினைந்தேகால். நம் மில்லுக்குள் இதுவரை இப்படி ஒரு சரக்கு வந்ததில்லை. வாசலில் வருகைப் பதிவுக்குப் பக்கத்தில் இருக்கிற கரும்பலகையில் ஒவ்வொரு வருஷமும் முதல் தரச் சரக்கைக் கொண்டுவந்தவர் பெயரைச் சாக்கட்டியில் எழுதுவார்களே, அதில் இப்போது உன் பெயர் இருக்கிறது. எழுத்து சின்னதாக இருந்தது. நான்தான் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதச் சொன்னேன். தையல்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். இந்தத் தடவை வாய் தவறிச் சொல்லவில்லை.

முதலாளி கடிதமும் இதே வண்டியில் வருகிறது. மீதிப் பதினாறு குடும்பத்து ஆடுகளையும் வாரி முடித்துவிட்டு வா, அடுத்த வருஷமும் நீதான் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். இல்லாவிட்டால் எனக்கு எழுது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. நான் வைத்த சட்டம் எனக்கும்தான். முதலாளி வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. ஒரு மாதம் முற்றத்தில் மூட்டை அவிழ்க்கிறேன். மேசையை வாயாடி பார்த்துக்கொள்கிறாள். என்னைவிட நன்றாகத்தான் அதட்டுகிறாள். உன் மீதிப் பதினான்கு மூட்டையையும் நானே என் கையால் பிரிக்கிறேன். ஒவ்வொன்றிலும் நீ கட்டி வைத்திருக்கிற சீட்டைப் பார்க்கிறேன். எந்தக் குடும்பம், எத்தனை ஆடு, என்றைக்கு வாரியது என்று உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில். சீட்டுகளைத் தூக்கிப் போடவில்லை, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இது நிஜமாகவே டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.

அவசரப்பட்டு ஓடி வராதே. ஆடு உதிர்க்கிற நாள் நமக்காகக் காத்திருக்காது, இருந்து முடித்துக்கொண்டு வா. உன் வீட்டுக்காரனை நான் பார்த்துக்கொள்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகவே ஏங்குகிறான். நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். எங்க பொண்ணு என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் கடைசியில் நீ வந்து சேர வேண்டிய வீடு இதுதான் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லி வை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உன் உறைகள் இரண்டையும் கண்ணாடிப் பெண் வாங்கி அட்டையில் தைத்துச் சுவரில் மாட்டிவிட்டாள். செம்மறி முடிக்கு மாதிரி என்று கீழே எழுதியும் வைத்துவிட்டாள். கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். என் மணிக்கட்டு மறுபடியும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு ஜோடி பின்னி அனுப்பு. மில்லுக்குப் போட்டுப் போக மாட்டேன். வீட்டில் போட்டுக்கொள்வேன், தெருவில் போட்டுக்கொள்வேன், யார் பார்த்தாலும் சட்டையை இழுத்து மறைக்க மாட்டேன். இந்தத் தடவையும் செம்மறியிலேயே பின்னு.

நன்றாக இரு. காதை மூடிக் கட்டிக்கொள்.

உன் அத்தை